அந்த டீசல் வாகனத்தில் ஒரு பிழையும் இல்லை

சிந்து, இதை வாசித்து முடிக்கும் வரைக்கும் அந்த அமெரிக்க வாகனக்காரனுக்குக் காசு அனுப்பாதே. பிரபு அனுப்ப வெளிக்கிட்டாலும் மறித்துவிடு. வெள்ளிக்கிழமை பின்னேரம் அனுப்பப் போவதாக நீ அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. இன்றைக்குப் புதன். நாளைக் காலையில் ட்வெய்ட்டாவுக்கு வந்து, நீ வேலைக்குப் போன பிறகு, உன் கடிதப்பெட்டியில் இதைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருக்கிறேன்.

நேற்றிலிருந்து மூன்று தரம் உனக்குப் போன் எடுத்தேன். மூன்று தரமும் "சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாம் தரம் நீ சிரித்தாய். "என்னப்பா, இண்டைக்கு என்ர சாப்பாட்டிலை உங்களுக்கு அப்பிடி என்ன அக்கறை?" என்றாய். உன் சிரிப்பைக் கேட்ட பிறகு இதைப் போனில் சொல்ல முடியாது என்று தெரிந்தது. அதனால்தான் இங்கே குரோருட்டில், எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் இருந்து எழுதுகிறேன். அம்மா வேலைக்குப் போய்விட்டாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நீ படித்த தமிழுக்கு இது கொஞ்சம் நீளமான கடிதம்தான். ஆறுதலாக வாசி. விளங்காத இடத்தில் பிரபுவிடம் கேள். அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் வந்து இதே மேசையில் இருந்துதான் விஷயத்தைச் சொன்னீர்கள். ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவு எடுக்கப் போகிறாய். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, வீடும் வாகனமும் ஒன்றாக இருக்கிற ஒரு பூபில் வாங்கி, அதற்குள்ளேயே சமைத்து, அதற்குள்ளேயே படுத்து, வடக்கே போகப் போகிறீர்கள். தாதிமார் தட்டுப்பாடான ஊர்களில் ஓரிடத்தில் ஆறு கிழமை, இன்னோரிடத்தில் எட்டுக் கிழமை என்று நீ வேலை செய்வாய். பிரபு தன் கம்ப்யூட்டர் வேலையை வாகனத்துக்குள் இருந்தபடியே பார்ப்பார். ஒகஸ்டில் வெளிக்கிட்டால் அடுத்த கோடையில்தான் திரும்புவீர்கள். "குளிக்கிறது எங்கை?" என்று அம்மா கேட்டாள். "குளிருக்கை எப்பிடி?" என்று நான் கேட்டேன். "அப்பா, இப்பத்தைய பூபிலுக்குள்ளை எங்கடை வீட்டைவிடச் சூடு" என்று சொன்ன நீ, கொஞ்சம் பொறுத்து, "எனக்கு ஒருக்கா மூச்சு விடவேணும் அப்பா. ஏழு வருஷமா ஒரே வார்ட்" என்றாய். அதைக் கேட்டதும் நான் எழும்பிப் போய்க் குழாயைத் திறந்து தண்ணீர் குடித்தேன். மூச்சு என்ற சொல்தான் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

பிரபு அன்றைக்கு என்னைப் பார்த்து, "மாமா, நீங்க இருபத்தெட்டு வருஷம் பஸ் கராஜ்ல இருந்தவர். எந்த வண்டியா இருந்தாலும் நீங்க பாத்து ஓகே சொன்னாதான் வாங்குவோம்" என்றார். அவர் தன் தமிழ்நாட்டுப் பேச்சில் வாகனத்தை வண்டி என்று சொன்னதற்கு அம்மா வழக்கம்போலச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னிடம் ஒரு கத்தியைத் தந்து இதைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று சொன்னது போலிருந்தது. இந்தப் பயணம் நடக்கவே கூடாது என்று நினைத்த ஒரே ஆளிடம், பயணத்துக்கான வாகனத்தைச் சோதிக்கிற வேலையைக் கொடுத்துவிட்டீர்கள்.

பங்குனியில் இரண்டு வாகனங்கள் மிஞ்சின. ஒன்று ஸ்ட்ரோம்மனில் இருக்கிற இங்கெர் அம்மாவின் ஜெர்மன் பூபில், டீசல். மற்றது ஒஸ்லோவுக்குத் தெற்கே ஒரு பண்ணையில் நின்ற பெரிய அமெரிக்க வாகனம், பெற்றோல். டீசல் வாகனத்தை விடப் பெற்றோல் வாகனம் ஒன்றரை லட்சம் குரோனர் மலிவு. முதலில் ஸ்ட்ரோம்மனுக்குப் போனோம். நினைவிருக்கிறதுதானே? இங்கெர் அம்மா நாங்கள் வருவதற்காக வாஃபிள் சுட்டு வைத்திருந்தார். வாகனத்தின் ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்துக்கும் பற்றுச்சீட்டு வைத்து, ஒரு தடித்த கோப்பை என் கையில் தந்தார். "என் கணவர் இதை ஒரு பிள்ளையைப் போலப் பார்த்தவர். போன இலையுதிர் காலத்தில் போய்விட்டார். எனக்கு இவ்வளவு பெரியதை ஓட்டத் தெரியாது" என்றார்.

நான் வாகனத்துக்குக் கீழே படுத்து ஒருக்கால் பார்த்துவிட்டு எஞ்சின் மூடியைத் திறந்தேன். ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். சிந்து, அந்த எஞ்சின் ஓடின மாதிரி ஒரு எஞ்சினை நான் கராஜில் இருந்த காலத்திலேயே கொஞ்சம்தான் கேட்டிருக்கிறேன். ஒரு தட்டல் இல்லை, ஒரு புகை இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இதில் ஏறினால் நீ கட்டாயம் போய்விடுவாய் என்று தெரிந்தது. நீ பின்னுக்கு நின்று, "எப்பிடியப்பா?" என்று கேட்டாய். நான் மூடியைச் சாத்திக்கொண்டே, "இஞ்செக்டர் அடிக்குது பிள்ளை. நாலையும் மாத்தவேணும். பெரிய செலவு. விடு" என்றேன். சொல்லும்போது இங்கெர் அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டும் இருந்தேன், அவருக்குத் தமிழ் விளங்காது என்ற துணிவில். பிரபு நேர்மையான பிள்ளை. அதை அப்படியே நோர்வேஜிய மொழியில் அவருக்குச் சொல்லிவிட்டார். அந்த அம்மாவின் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. "ஆனால் அவர் எல்லாவற்றையும் நேரத்துக்கு நேரம் மாற்றினாரே" என்று கோப்பைத் திறந்து தேடத் தொடங்கினார். நான் அவருடைய வாஃபிளில் மிச்சப் பாதியையும் சாப்பிட்டு முடித்தேன்.

டீசல் இல்லையென்றால் பெற்றோல், பெற்றோல் என்றால் செலவு தாங்காது, ஆகவே பயணமே நின்றுவிடும் என்பதுதான் என் எண்ணம். நீ சின்ன வயதிலிருந்தே செலவை நினைத்துப் பார்க்கிறவள். ஆனால் நீ வேறு மாதிரி நினைத்தாய். "ஒன்றரை லட்சம் மிச்சம் அப்பா. அந்தக் காசுக்கு எவ்வளவு பெற்றோல் அடிக்கலாம்! ஒரு வருஷம்தானே" என்றாய். நான் மூடிய கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவைத் திறந்துகொண்டு நீ போய்விட்டாய். அது இதைவிட மோசமான கதவு.

இனி அந்த இரண்டு வாகனங்களையும் பற்றி ஒரு மெக்கானிக் சொல்லவேண்டிய உண்மையைச் சொல்கிறேன். நீங்கள் ஒரு வருஷத்தில் இரண்டாயிரம் மில், அதாவது இருபதாயிரம் கிலோமீற்றர் ஓடுவீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கெர் அம்மாவின் வாகனம் ஒரு மில்லுக்கு ஒரு லீற்றரும் கொஞ்சமும் குடிக்கும். அமெரிக்க வாகனம் இரண்டரை லீற்றருக்குக் குறையாது. மேட்டில் மூன்று. இரண்டுக்கும் இடையில் மூவாயிரம் லீற்றர் வித்தியாசம் வரும். இன்றைய விலைக்கு அது ஒன்றரை லட்சத்தில் பாதியைக்கூட எட்டாது. அதனால்தான் உன் கணக்கு சரிபோலத் தெரிந்தது. அந்த வாகனத்திலும் குறை சொன்னால் என் பொய் பிடிபட்டுவிடும் என்று பயந்து நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் வாகனத்தின் செலவு பெற்றோல் தாங்கியோடு முடிகிறதில்லை. பண்ணைக்குப் போனபோது அந்த அமெரிக்க வாகனத்தின் ரயர்களைப் பார்த்தேன். தேய்மானம் இல்லை, ஆனால் பக்கத்தில் குத்தியிருக்கிற வருஷத்தைப் பார்த்தால் எல்லாம் கிழண்டு போனவை. ஆறையும் மாற்றவேணும். புகைபோக்கியை எஞ்சினோடு பூட்டுகிற ஆணிகளில் இரண்டு முறிந்திருந்தன. ஒரு சின்னச் சாமான் பழுதானாலும் கடல் தாண்டித்தான் வரும். வடக்கில் ஏதாவது ஒரு ஊரில் மூன்று கிழமை காத்திருப்பீர்கள். எட்டு மீற்றருக்கு மேல் நீளம். படகில் ஏற்றுகிற இடங்களில் நீளத்தைப் பார்த்துத்தான் காசு கேட்பார்கள். பிறகு பாரம். அதைப் பேப்பரில் மூன்றரைத் தொன் என்று குறைத்துப் பதிந்திருக்கிறான், சாதாரண லைசன்ஸ் உள்ளவர்களுக்கு விற்பதற்காக. தண்ணீர்த் தாங்கியை நிரப்பி, நீங்கள் இரண்டு பேரும் ஏறி, அம்மா கட்டித் தருகிற மிளகாய்த்தூளையும் வைத்தால் மூன்றரையைத் தாண்டிவிடும். வீதியில் மறித்து நிறை பார்த்தால் குற்றக்காசு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் அதைத்தான் பார்ப்பான். அவ்வளவு பாரத்தோடு ஒரு மலையில் இறங்கும்போது பிரேக் என்ன பாடு படும் என்பதை நீயே யோசித்துப் பார். ஒரு வருஷம் கழித்து விற்கப் போனால் வாங்க ஆள் தேடி அலைவீர்கள். டீசல் வாகனத்துக்கோ நீங்கள் கொடுத்த காசில் பெரும்பகுதி திரும்பி வரும். ஒன்றரை லட்சம் மிச்சம் என்பது வாங்குகிற நாளில் மட்டும்தான் உண்மை.

டீசலிலும் செலவு இருக்கிறது. ஒஸ்லோவுக்குள் வந்துபோனால் சுங்கம் கொஞ்சம் கூட. எஞ்சின் பட்டியை மாற்றுகிற காலம் கிட்டுகிறது. புகையை வடிக்கிற வடி ஒன்று இருக்கிறது. ஓர் ஊரில் எட்டுக் கிழமை நின்று, வேலைக்கு மட்டும் இரண்டு கிலோமீற்றர் ஓடினால் அது அடைத்துவிடும். கிழமைக்கு ஒருக்கால் ஒரு மணித்தியாலம் நல்ல வேகத்தில் ஓட்டு. இன்னொன்று, குளிர் தொடங்க முதல் தாங்கியில் இருக்கிற கோடை டீசலை ஓடி முடித்துவிட்டுக் குளிர்கால டீசல் அடி. கோடை டீசல் கடுங்குளிரில் மெழுகு போலத் தடித்து எஞ்சினை நிறுத்திவிடும். இது எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தந்ததல்ல.

அப்போது உனக்கு ஆறு வயது. உன் தம்பிக்கு ஒரு வயது ஆகவில்லை. நீ எல்லோருக்கும் சொல்கிற கதைதான், பனி தள்ளுகிற மாமா உன்னைத் தூக்கித் தன் பெரிய வாகனத்துக்குள் வைத்து சொக்லேட் தந்த கதை. உன் கல்யாண வீட்டில்கூட ஒலிவாங்கியில் அதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாய். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் எழும்பிப் போய்விட்டாள். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய்.

அந்த முழுக் கதை இதுதான். நான் பஸ் கழுவுகிற வேலையிலிருந்து மெக்கானிக் ஆகிச் சான்றிதழ் எடுத்த வருஷம் அது. எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம். பழைய டீசல் வான் ஒன்றை வாங்கி, பலகையால் கட்டில் அடித்து, பாவித்த காஸ் ஹீற்றர் ஒன்றையும் பூட்டினேன். புகை வெளியே போகக் குழாய் இல்லாத ஹீற்றர். என்னோடு வேலை செய்த நோர்வேக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, வானின் தரையில் கையகலத்துக்கு ஓட்டை ஒன்று வெட்டித் தந்தார். "இதை எக்காரணம் கொண்டும் மூடாதே" என்றார். சரி என்றேன். மாசியில் பள்ளிக்கூடக் குளிர்கால லீவு வந்தது. உன் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் மலைக்குப் போகிறார்கள், நாங்கள் மட்டும் வீட்டிலா என்று நீ அழுதாய். வெளிக்கிட்டோம். தாங்கியில் ஐப்பசியில் அடித்த டீசல் முக்கால்வாசி இருந்தது. காசு கொடுத்து வாங்கியதை ஏன் வீணாக்குவான் என்று அப்படியே விட்டேன்.

மலையின் மேல்தட்டில், பின்னேரம் மூன்று மணிபோல, வான் இருமி இருமி நின்றது. காற்று பனியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. போனுக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. எஞ்சின் நின்றதும் வாகனத்தின் சூடும் போய்விட்டது. காஸ் ஹீற்றரைப் பற்றவைத்தேன். தரை ஓட்டையால் வந்த காற்று நேராக உன் காலில் அடித்தது. "அப்பா, கால் நோகுது, கால் நோகுது" என்று அழுதாய். உன் கழுத்துச் சால்வையைக் கழற்றி அந்த ஓட்டைக்குள் திணித்தேன். உன் அழுகை நின்றது. கொஞ்ச நேரத்தில் அம்மா கண்ணை மூடினாள். தம்பி வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். பிறகு அவனும் அமைதியானான். பிள்ளை ஒருவழியாக நித்திரையாகிவிட்டான் என்று நான் ஆறுதல் பட்டேன், சிந்து. அந்த ஆறுதலை நினைத்துத்தான் எத்தனையோ நாள் நான் திடுக்கிட்டு எழும்பியிருக்கிறேன். எனக்குத் தலை இடித்தது. களைப்பு என்று நினைத்தேன்.

கதவில் தட்டுகிற சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. பனி தள்ளுகிறவர் கதவை இழுத்துத் திறந்து என்னவோ கேட்டார். நான் சொன்ன பதில் எனக்கே விளங்கவில்லை. அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. முதலில் தம்பியை, பிறகு உன்னை, பிறகு அம்மாவை இழுத்துப் பனிக்குள் போட்டார். உன் கன்னத்தில் அடித்தார். நீ வயிற்றில் இருந்ததையெல்லாம் சத்தி எடுத்தாய். தம்பி அழுவதற்கு எடுத்த நேரத்தை என்னால் சொல்ல முடியாது. அது எனக்குத் தெரியாது. அவர் ஹீற்றரை நிறுத்தி, தரையிலிருந்து அந்தச் சால்வையைப் பிடுங்கி என் கையில் வைத்தார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கீழே ஆஸ்பத்திரியில் உங்கள் எல்லோருக்கும் ஒட்சிசன் பூட்டினார்கள். கார்பன் மொனொக்சைட் என்ற சொல்லை அதுவரைக்கும் வாகனப் புகையோடு மட்டும்தான் சேர்த்துக் கேட்டிருந்தேன். நீ ஒரு தாதி. அதன் அர்த்தம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

உனக்குக் காய்ச்சல் வந்தது என்று சொன்னோம். நீ சொக்லேட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாய். "பிள்ளைக்குச் சொல்லுங்கோ" என்று அம்மா ஒவ்வொரு வருஷமும் சொல்வாள். "பிறகு சொல்லுவம்" என்று நானும் ஒவ்வொரு வருஷமும் சொன்னேன். இப்போது நீ வடக்கே, அதைவிடக் குளிரான இடத்துக்கு, சக்கரம் பூட்டிய ஒரு பெட்டிக்குள் படுக்கப் போகிறேன் என்கிறாய். நான் ஓட்டையைப் பார்த்தேனா, எஞ்சினைப் பார்த்தேனா என்று எனக்கே தெரியாத ஒரு மயக்கத்தில்தான் அன்றைக்கு ஸ்ட்ரோம்மனில் அந்தப் பொய்யைச் சொன்னேன். இது நியாயம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இன்றைக்குக் காலையில் முதலில் இங்கெர் அம்மாவுக்குத்தான் போன் எடுத்தேன். "உங்கள் வாகனத்தில் பிழை இல்லை, நான் பொய் சொன்னேன்" என்றேன். அவர் நடந்ததைச் சொன்னார். நாங்கள் போன மறுநாளே விளம்பரத்தை எடுத்துவிட்டு, வாகனத்தைக் கராஜுக்கு அனுப்பி இஞ்செக்டர்களைச் சோதிக்கச் செய்திருக்கிறார். அவர்கள் ஒரு பிழையும் காணவில்லை. ஆனால் அதற்குப் பத்து நாள் எடுத்தது. "அந்தப் பத்து நாளும் நான் என் கணவரோடு கோபமாக இருந்தேன். கடைசி வருஷத்தில் ஏதோ பழுதை என்னிடம் மறைத்துவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்தேன். அவருடைய கல்லறைக்குப் போகாமல் இருந்தேன்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். "உங்கள் மகளுக்குச் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் முதலில் அவளுக்குச் சொல்லுங்கள். சனிக்கிழமை வரைக்கும் நான் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

ஆகவே இதுதான் என் புத்திமதி. நீ போவதானால் டீசல் வாகனத்தில் போ. நீ போகாமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அதைச் சொல்வதற்கு இன்னொரு பொய் வேண்டியதில்லை. என் வார்த்தையை இனி நம்பவும் வேண்டாம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, எனக்குத் தெரியாத ஒரு சோதனைக் கூடத்தில் அந்த வாகனத்துக்கு நேரம் எடுத்து வைத்திருக்கிறேன். வேறு ஒருவருடைய கண் பார்க்கட்டும்.

*

இந்தப் பக்கத்தை ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். நீதான் கடிதத்தைத் திருப்பித் தந்து, மிச்சத்தையும் எழுதித் தரும்படி கேட்டாய். தம்பியும் வாசிக்கவேண்டும் என்றாய்.

வியாழன் காலையில் நான் உன் கடிதப்பெட்டிக்கு முன்னால் நிற்க, நீ குப்பைப் பையோடு படியால் இறங்கி வந்தாய். வேலை நேரத்தை மாற்றியிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாது. கடித உறையை என் கையிலிருந்து வாங்கி அந்தப் படியிலேயே இருந்து வாசிக்கத் தொடங்கினாய். ஆறு பக்கத்துக்கு நீ எடுத்த நேரத்தில் இரண்டு பேர் உன்னைத் தாண்டிப் போனார்கள். முடித்ததும் அழுவாய் என்று நினைத்தேன். நீ வார்டில் நிற்கிறவள்போலக் கேட்டாய். "எவ்வளவு நேரம் நினைவில்லாமல் இருந்தனாங்கள்? ரத்தம் சோதிச்சவையோ? தம்பிக்குப் பிறகு செக்கப் செய்தவையோ?" தெரிந்ததைச் சொன்னேன். பிறகு, "எனக்குத் தலையிடி எண்டாலே நீங்கள் ஏன் ஓடிவந்து யன்னலைத் திறக்கிறனீங்கள் எண்டு இப்பத்தான் விளங்குது" என்றாய். பிறகுதான் உன் குரல் மாறியது.

"அப்பா, நான் பிரபுவோடை சண்டை பிடிச்சனான். அவர் அந்த டீசலை இன்னொருக்கா வேறை ஆளிட்டைக் காட்டுவம் எண்டவர். என்ர அப்பா பொய் சொல்லமாட்டார் எண்டு சொல்லி நான் அவரோடை ரெண்டு நாள் கதைக்கேல்லை."

குப்பைப் பையை எடுத்துக்கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். திரும்பி வர நீ கதவைச் சாத்தாமல் விட்டிருந்தாய். உள்ளே வந்தேன். பிரபு எழும்பி நின்று, "உக்காருங்க மாமா, டீ போடறேன்" என்றார். அவருக்கு நீ அதற்குள் சொல்லிவிட்டிருந்தாய். தேத்தண்ணியில் சீனி போட மறந்துவிட்டார். நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை சோதனைக் கூடத்தில் வாகனத்தை உயர்த்தினார்கள். இஞ்செக்டர் நான்கும் நல்லது. ஆனால் அங்கே வேலை செய்கிற பெடியன் பின் சில்லுக்குப் போகிற பிரேக் குழாயில் விளக்கைப் பிடித்து, "இதைப் பாருங்கள்" என்றான். துரு தின்று, விரலால் சுரண்டினால் உதிர்கிற நிலையில் இருந்தது. இன்னொரு குளிர்காலத்தைத் தாங்கியிருக்காது. பங்குனியில் நானும் அதே வாகனத்துக்குக் கீழே படுத்துப் பார்த்தவன்தான். இல்லாத பிழையைச் சொல்வதிலேயே என் புத்தி நின்றதால் இருந்த பிழையை நான் காணவில்லை. இருபத்தெட்டு வருஷ மெக்கானிக். அந்தத் துருவை நானும் விரலால் சுரண்டிப் பார்த்தேன். இங்கெர் அம்மா குழாய்க்கான செலவை விலையில் குறைத்தார். ஸ்ட்ரோம்மனில் அவருடைய வீட்டுக்குத் திரும்பிக் கையெழுத்துப் போட்ட பிறகு என் கையைப் பிடித்து, "நேற்றுக் கல்லறைக்குப் போய்வந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

குழாய் மாற்றும் வரைக்கும் வாகனம் அவருடைய முற்றத்திலேயே நிற்கட்டும் என்று முடிவாயிற்று. நாங்கள் வெளிக்கிட, நீ என்னைக் கூப்பிட்டாய். "அப்பா, உள்ளுக்கு வாங்கோ" என்றாய். இருக்கையில் என்னை இருத்திவிட்டுக் கதவைச் சாத்தினாய். யன்னல்களைச் சாத்தினாய். ஹீற்றரைப் போட்டாய். இதன் புகை தனிக் குழாயால் வெளியே போகிறது, காற்றை வெளியிலிருந்தே எடுக்கிறது, சுவரில் விஷவாயுவுக்கு மணி பூட்டியிருக்கிறது என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் என் உடம்பு கேட்கவில்லை. கதவைப் பார்த்தேன். நீ எனக்கு முன்னால் இருந்து என் மணிக்கட்டைப் பிடித்து உன் கடிகாரத்தைப் பார்த்தாய்.

"நூற்றிப் பதினாறு" என்றாய்.

"காணும் பிள்ளை, வெளியிலை போவம்" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் இருங்கோ. பயப்பிடுங்கோ, அது பரவாயில்லை. எனக்கும் பயம்தான் அப்பா. ஆனா எனக்குச் சொல்லிப்போட்டுப் பயப்பிடுங்கோ."

நீ கையை விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே பிரபுவும் அம்மாவும் இங்கெர் அம்மாவும் நின்று என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே சூடு ஏறிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து நீ மறுபடியும் எண்ணினாய். நூற்று நான்கு. இன்னும் கொஞ்சம் இருந்தோம்.